டிரம் தண்ணீரும் தொங்கும் செயினும்

கேள்வி: அண்ணா, வணக்கம். ஈரோட்டில் கோர் கட்டிங் (கான்கிரீட்டில் வட்டத் துளை போடுவது), சுவர் அறுப்பு வேலைகளை எடுத்துச் செய்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு கான்கிரீட் அறுக்கும் பெட்ரோல் செயின் சா ஒன்றைப் பழைய மிஷினாக வாங்கினேன். 16 இன்ச் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. இப்போது ஓடுவது மூன்றாவது டைமண்ட் செயின். மாட்டியபோது, பாரை முன்னால் தள்ளிச் செயினை இறுக்கும் டென்ஷன் ஸ்க்ரூவில் முக்கால்வாசி இடம் மிச்சமிருந்தது. நான்கே நாளில் கடைசிக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செயின் லூஸாகித் தொங்குகிறது. இரண்டு தடவை பாரைவிட்டுக் கழன்றே விட்டது. சூட்டோடு சூடாக முறுக்கி மறுபடி ஓட்டுகிறேன். தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை. வேலை நடக்கும் மாடியிலேயே ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே 200 லிட்டர் டிரம் வைத்து டியூப் கொடுத்திருக்கிறோம். லாரித் தண்ணீர் என்பதால் கீழே வடிவதையும் வாரி டிரம்மிலேயே ஊற்றிக்கொள்கிறோம். ஒரு ஜோடி லிங்க்கைக் கழற்றி ரிவெட் அடித்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா? செயின் டூப்ளிகேட்டா? ஸ்க்ரூ போய்விட்டதா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண்ணும் உங்கள் கண் போன இடத்துக்கே, அந்த ஸ்க்ரூவுக்கே போனது. இரண்டாம் முறை படிக்கும்போது "தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை" என்ற வரியில் நின்றுவிட்டேன். அதற்கு அடுத்த வரியில் தூக்கிவாரிப் போட்டது. வடிந்த தண்ணீரை வாரி டிரம்மில் ஊற்றுகிறீர்களா?

அந்த இடத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. நாளைக் காலை மிஷின் ஆறிக் கிடக்கும்போது செயினைச் சரியான அளவுக்கு முறுக்கி, நட்டுகளை இறுக்கிவிட்டு, சைடு கவர் முடியும் இடத்தில் பாரின் மேல் பர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிடம் அறுத்துவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, கோட்டைப் பாருங்கள். கோடு கவருக்குள் போயிருந்தால் பார் பின்னால் நழுவுகிறது. நட்டு, ஸ்டட், ஸ்க்ரூ இவற்றில்தான் கோளாறு. கோடு போட்ட இடத்திலேயே இருந்தும் செயின் தொங்கினால் செயின் நீண்டிருக்கிறது. அப்படியே கால் மணி நேரம் விடுங்கள். ஆறிய பிறகு தொங்கல் தானாகக் குறைந்தால் அது சூட்டால் வந்த நீளம். ஆறியும் தொங்கினால் செயின் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன.

உங்கள் விஷயத்தில் கோடு நகர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஸ்க்ரூ போய்விட்டிருந்தால் முறுக்க முறுக்க அது வெறுமனே சுற்றும், பார் முன்னால் நகராது. நீங்கள் முறுக்கும்போதெல்லாம் பார் நகர்ந்துதான் கடைசிவரை வந்திருக்கிறது. ஸ்க்ரூ அதன் வேலையைச் செய்திருக்கிறது. புதுச் செயினை மாட்டும்போது முக்கால்வாசி இடம் மிச்சமிருந்தது என்கிறீர்கள். ஆகவே பாருக்குப் பொருந்தாத நீளச் செயினைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார் என்பதற்கும் இடமில்லை. டூப்ளிகேட் என்ற சந்தேகத்தை ஓரமாக வையுங்கள். மூன்று செயினும் ஒரே மாதிரி போகிறதென்றால் செயினுக்கு வெளியே தேடுவதுதான் முறை.

இப்போது ஒரு கணக்கு. 16 இன்ச் பாரில் ஓடும் செயினில் டிரைவ் லிங்க், அதாவது பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கீழ்ப்பல், சுமார் 60 இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரிவெட் என்றால் 120 மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். தலைமுடியின் தடிமன்கூட வராது. 120 மூட்டுக்கும் சேர்த்து 6 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதை இழுத்துப் பிடிக்க பார் 3 மில்லிமீட்டர் முன்னால் போக வேண்டும். 'செயின் இழுபடுகிறது' என்று நாம் சொல்வது பழக்கத்தில் வந்த பேச்சு. இரும்பு ரப்பர் மாதிரி இழுபடவில்லை. துளையும் ரிவெட்டும் ஒன்றையொன்று அரைத்துத் தின்கின்றன.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடுங்கள், பயம் தெளியும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கொஞ்சூண்டு தளர்த்தினாலே நடுவில் எவ்வளவு தொங்குகிறது? அதே கதைதான். 40 சென்டிமீட்டர் நீளப் பாரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் அடிப்பக்கம் நடுவில் சுமார் 12 மில்லிமீட்டர் தொங்கும். அரை அங்குலம். அறுத்துக்கொண்டிருக்கும்போது செயின் சூடு 100 டிகிரி ஏறினால், சுற்றளவு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான செயின் 1.3 மில்லிமீட்டர் நீளும். ஆகவே வேலைக்கு நடுவே கொஞ்சம் தொங்குவது குற்றமில்லை. கீழ்ப்பல் பாருக்கு அடியில் அரை அங்குலம் இறங்கித் தெரிந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, முறுக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. புதுச் செயின் முதல் சில நிமிடங்களில் கூடுதலாகவே தளரும். அது எல்லோருக்கும் உள்ளது. நான்கு நாளில் ஸ்க்ரூ முழுவதும் தீர்வது எல்லோருக்கும் உள்ளதல்ல.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

மரம் அறுக்கும் செயின் சாவில் செயினுக்கு எண்ணெய் போகும். இதில் தண்ணீர்தான் எண்ணெய். டைமண்டைக் குளிரவைக்கத்தான் தண்ணீர் என்று பலபேர் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. பாருக்குள் இருக்கும் வழியாக வந்து, பள்ளத்தில் இறங்கி, ஒவ்வொரு லிங்க்கின் இடுக்கிலும் நுழைந்து, சிமெண்ட் பாலை வெளியே தள்ளுவது மீதிப் பாதி. அந்தச் சிமெண்ட் பாலில் என்ன இருக்கிறது? மணல், ஜல்லி, சிமெண்ட், எல்லாம் மாவாக. வால்வைத் தேய்க்க எஞ்சின் மெக்கானிக்குகள் தடவும் கிரைண்டிங் பேஸ்ட்டுக்கும் இதற்கும் வேலையில் வித்தியாசம் கிடையாது. தண்ணீர் தள்ளாவிட்டால் அது மூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ரிவெட்டை அரைக்கும்.

தள்ளுவதற்கு அளவு மட்டும் போதாது, அழுத்தம் வேண்டும். இந்த வகை மிஷின்களுக்குக் குறைந்தபட்சம் 1.5 பார் என்பது பொதுவாகக் கேட்கப்படும் கணக்கு. (இந்த 'பார்' பிரஷரின் அளவு, செயின் ஓடும் பார் வேறு. பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.) தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஒரு பார் கிடைக்கும். 1.5 பார் வேண்டுமென்றால் 15 மீட்டர், அதாவது தலைக்கு மேலே ஐந்து மாடி தாண்டி டேங்க் இருக்க வேண்டும். நீங்கள் வைத்திருப்பது ஹாலோ பிளாக் மேல் டிரம். ஒரு மீட்டர் உயரம் என்று வைத்தால் 0.1 பார். வேண்டியதில் பதினைந்தில் ஒரு பங்கு. நுனிவரை தண்ணீர் சொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் குறையில்லை என்று தோன்றுகிறது. ஆனால் சொட்டுகிற தண்ணீர் ஓடுகிற செயினின் இடுக்கில் நுழையாது.

இந்த லட்சணத்தில் வடிந்ததையே வாரி ஊற்றினால், ரிவெட்டை அரைக்கும் மாவை நீங்களே டியூப் போட்டு ஊட்டுகிறீர்கள். டிரம்மில் தெளிந்த மாதிரி இருக்கும். கனமானது அடியில் படிந்துவிடும், பொடி படியாது. பாருக்குள் இருக்கும் சின்னத் துளைகளையும் அதுவே அடைக்கும். லாரித் தண்ணீரின் விலை எனக்கும் தெரியும். அந்தக் காசையும் டைமண்ட் செயின் காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வடிந்த தண்ணீரைத் தரை கழுவவோ தூசி அடக்கத் தெளிக்கவோ வைத்துக்கொள்ளுங்கள். மிஷினுக்கு வேண்டாம்.

வேண்டியது ஒரு அரை ஹெச்பி செல்ஃப் பிரைமிங் பம்ப். வீடுகளில் சம்ப்பிலிருந்து மாடி டேங்க்குக்கு ஏற்ற வைத்திருப்பார்களே, அதுதான். அதன் தகட்டில் 'ஹெட்' என்று மீட்டரில் போட்டிருக்கும். 25, 30 மீட்டர் போட்டிருந்தால் நல்லது. டிரம்மில் உறிஞ்சுகுழாயை விட்டு, அதன் வாயில் வலை கட்டி, அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். மிஷினுக்குப் பக்கத்தில் ஹோஸில் ஒரு 'டீ' (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது முள் காட்டுவதுதான் கணக்கு. வால்வை மூடிவிட்டு முள்ளைப் பார்த்து மகிழ்ந்து பயனில்லை. நீளமான ஒல்லி டியூப் இருக்கிற அழுத்தத்தையும் வழியிலேயே தின்றுவிடும், அரை இன்ச் ஹோஸ் போடுங்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடுகிற இடம் என்பதால் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் அந்தப் பம்ப்பைச் சொருகக் கூடாது. கார் கழுவும் உயர் அழுத்தப் பம்ப்பை இரவல் வாங்கி மாட்டிவிடாதீர்கள், மிஷினின் வால்வு தாங்காது.

அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று கேஜ் இல்லாமலும் ஓரளவு தெரியும். வெட்டிலிருந்து வடிவது நீர்மோர் மாதிரி இருக்க வேண்டும். பஜ்ஜி மாவு மாதிரி கெட்டியாக வழிந்தால் தண்ணீர் பற்றவில்லை. ஆவியோ தூசியோ கிளம்பினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் போனதுதான், திரும்ப எடுக்க மருத்துவமில்லை.

அடுத்த சந்தேகம் ஸ்பிராக்கெட் மேல், அதாவது எஞ்சின் பக்கம் செயினை இழுத்து ஓட்டும் பல்சக்கரத்தின் மேல். மூன்று செயின் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், ஸ்பிராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய மிஷினோடு வந்ததே இன்னும் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பைக்கில் செயின் தேய்ந்தால் மெக்கானிக் என்ன சொல்வார்? "செட்டாகத்தான் மாற்ற வேண்டும்" என்பார். காசு பிடுங்குகிறார் என்று நினைப்போம், ஆனால் அவர் சொல்வது நிஜம். நீண்டுபோன செயின் ஓடிய ஸ்பிராக்கெட்டின் பல் அந்த நீளத்துக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். அதன் மேல் புதுச் செயினை மாட்டினால் லிங்க்குகள் சரியாக உட்காராமல் ஏறி இறங்கும், இரண்டே நாளில் புதுச் செயினும் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது என் பட்டறைக் கணக்கு. பல்லின் நுனி கூர்ந்திருந்தால், லிங்க் உட்காரும் இடத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், கணக்கே பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கையோடு கையாகப் பாரையும் கழற்றிப் பாருங்கள். செயினைப் பள்ளத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது சாய்ந்து விழுந்தால் பள்ளம் அகன்றுவிட்டது. அதுதான் செயின் கழல்வதற்குப் பாதிக் காரணம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாரைத் திருப்பிப் போட்டு ஓட்டலாம். நுனிச் சக்கரம் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. தண்ணீர்த் துளைகளில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுங்கள்.

இப்போது பட்டறைக்காரர் யோசனை. வேண்டாம் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மரச் செயினில் லிங்க் கழற்றிச் சேர்ப்பது அன்றாட வேலை, அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார். உங்கள் செயினில் 120 மூட்டும் தேய்ந்திருக்கின்றன. ஒரு ஜோடியை எடுப்பதால் மிச்சமிருக்கும் மூட்டில் ஒன்றாவது பழைய அளவுக்குத் திரும்புமா? வளையம் சிறிதாகும், ஸ்க்ரூவில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். மெலிந்த ரிவெட்டுகளுக்கு நடுவே கையால் அடித்த ஒரு ரிவெட். இந்தச் செயின் வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர், பைபாஸில் போகும் பஸ்ஸின் வேகம். அறுந்தால் எந்தப் பக்கம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்க்ரூ கடைசிக்கு வந்துவிட்டால் செயின் முடிந்தது. டைமண்ட் பாக்கி இருக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும்.

சூட்டோடு சூடாக முறுக்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நானும் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பழைய கட்டடத்தில் ஜன்னலை இறக்கி வாசலாக்கும் வேலை. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று செயின் தொங்கத் தொங்க முறுக்கிக்கொண்டே அறுத்தேன். மறுநாள் காலை வந்து செயினை இழுத்தால் நகரவில்லை. ராத்திரி ஆறியதும் சுருங்கி, வில்லில் நாண் ஏற்றிய மாதிரி பாரைக் கவ்விக்கொண்டிருக்கிறது. கையால் நகராத செயினைப் பார்த்ததும் நட்டைத் தளர்த்தியிருக்க வேண்டாமா? எஞ்சின் இழுத்துக்கொள்ளும் என்று ஸ்டார்ட் செய்தேன். நுனிச் சக்கரமும் கிளட்ச் பக்க பேரிங்கும் ஒரே வாரத்தில் போயின. முதலாளி சம்பளத்தில் பிடிக்கவில்லை, ஆனால் மூன்று மாதம் என்னை 'வில்லாளன்' என்றே கூப்பிட்டார்.

முறுக்கும் விதம் இதுதான். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், செயின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும், கையுறை கட்டாயம். சைடு கவர் நட்டுகளைத் தளர்த்தி, பாரின் நுனியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். செயின் பாரின் அடியைத் தொட்டதும் நிறுத்துங்கள். நுனியை இறக்காமலே நட்டுகளை இறுக்குங்கள். நுனியைத் தூக்காமல் இறுக்கினால், அறுக்க ஆரம்பித்ததும் பார் தன் இடத்துக்குப் போய் உட்காரும், செயின் தொங்கும், மறுபடி ஸ்க்ரூவைத் திட்டுவோம். இறுக்கிய பிறகு செயினைக் கையால் இழுத்தால் பாரைச் சுற்றி முழுதாக ஓடி வர வேண்டும். கவரை மூடும்போது டென்ஷனரின் முளை பாரின் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உட்காராமல் நட்டை இறுக்கினால் முளை நசுங்கும். பைப் சொருகி நட்டை இறுக்குகிற பழக்கம் உங்கள் ஆட்களிடம் இருந்தால் அந்தப் பைப்பை ஒளித்து வையுங்கள்.

அறுப்பு சரியாக இறங்காமல் நீங்கள் உடம்பால் அழுத்தித் தள்ளுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. தள்ளுகிறீர்கள் என்றால், டைமண்ட் மழுங்கிப் பளபளப்பாகியிருக்கும். கருங்கல் ஜல்லியும் தொடர்ந்து வரும் கம்பியும் அப்படிச் செய்யும். ஹாலோ பிளாக்கில் நாலைந்து வெட்டுப் போட்டால் புது முனை வெளியே வரும். மழுங்கிய செயினை அழுத்த அழுத்தச் சூடு ஏறும், சூடு ஏற ஏறத் தொங்கும்.

வேலை முடிந்ததும் வெட்டிலிருந்து வெளியே எடுத்து, தண்ணீர் ஓடவிட்டபடி கால் நிமிடம் செயினைச் சும்மா ஓட்டுங்கள். பிறகு கவரைக் கழற்றி ஸ்பிராக்கெட் பக்கம் அடைந்திருக்கும் சேற்றைக் கழுவி, செயின், பார், ஸ்பிராக்கெட் மூன்றிலும் மெல்லிய எண்ணெய் அடித்து வையுங்கள். மூட்டுக்குள் நின்ற சிமெண்ட் பால் சனிக்கிழமை சாயங்காலம் விட்டது திங்கட்கிழமை காலைக்குள் கல்லாக இறுகியிருக்கும். அப்போது லிங்க்குகள் மடங்காமல் விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மாடிக்குள், சுவர்களுக்கு நடுவே பெட்ரோல் எஞ்சின் ஓட்டுகிறீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. எதிரும் புதிருமாக ஜன்னல் திறந்திருக்காத அறையில் அந்த மிஷினை ஓட்டாதீர்கள். தலை கனத்தால் டீ குடிக்கப் போகிற சாக்கில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

இந்தச் செயின் முடிந்தது. அடுத்ததை வாங்கும் முன் ஸ்பிராக்கெட்டையும் பம்ப்பையும் வாங்குங்கள். காசு பற்றாவிட்டால் செயினை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், இவற்றைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய இரண்டு செயினையும் எடைக்குப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்து டைமண்ட் கட்டிகளின் உயரத்தைப் புதுச் செயினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் நான் சொன்ன தண்ணீர்க் கதைதான். கட்டி தேய்ந்து தகடு தெரிந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், என்ன கான்கிரீட், எவ்வளவு கம்பி என்ற விவரத்தோடு.